ஹாம்லெட் ஏன் தாமதித்தான் என்று மட்டும் இனிக் கேட்காதீர்கள்

கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், பாடத்திட்டக் குழுவில் உட்காருபவர்களுக்கும், வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தைப் பற்றி உங்களிடம் நேராகவே பேசிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். நீங்கள் எல்லோரும் அதை என்னைவிட நன்றாகப் படித்தவர்கள், வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிறவர்கள். ஆனாலும் ஒரு பழைய மாணவராக, அந்த நாடகத்தை இன்னும் கீழே வைக்காத வாசகராக, ஒரு கோரிக்கை இருக்கிறது.

அப்பாவைக் கொன்ற சித்தப்பாவைப் பழிவாங்க டென்மார்க் இளவரசன் ஹாம்லெட் ஏன் தாமதித்தான்? என் அக்காக்கள் காலத்து வினாத்தாளிலும் இதுதான், என் காலத்திலும் இதுதான், இப்போது படிக்கும் பிள்ளைகள் காட்டும் நோட்ஸிலும் இதுதான். யோசித்துக்கொண்டே இருந்தான், மனச்சோர்வு, தாயின் மேல் வெறுப்பு, ஆவியின் மேல் சந்தேகம் என்று நான்கு தலைப்பு போட்டு, நடுவில் புகழ்பெற்ற தனிமொழியிலிருந்து இரண்டு வரி எடுத்துப் போட்டால் மார்க் வந்துவிடும். கேள்வி தப்பானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஒன்றையே கேட்டுக் கேட்டு, நாடகத்தில் மூச்சுக்கு மூச்சு வரும் விஷயம் வகுப்பறைக்குள் நுழையவே முடியாமல் போய்விட்டது. அந்த விஷயம் சாவு. சாவைவிடவும், செத்துப்போனவர்களுக்கு உயிரோடு இருப்பவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது.

நாடகம் ஓடும் நேரத்துக்குள் எட்டுப் பேர் சாகிறார்கள். அமைச்சர் பொலோனியஸ், அவர் மகள் ஒபீலியா, ஹாம்லெட்டின் பழைய நண்பர்கள் ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன், அம்மா கெர்ட்ரூட், பொலோனியஸின் மகன் லேர்ட்டீஸ், சித்தப்பா கிளாடியஸ், கடைசியில் ஹாம்லெட். தொடங்குவதற்கு முன்பே செத்துப்போன பழைய ராஜா, ஹாம்லெட்டின் அப்பா, தனி. இத்தனை பேரில் ஒருவருக்காவது முறையான வழியனுப்பல் நடந்ததா என்று பாருங்கள். ஒருவர் கடைசிச் சடங்கு இல்லாமல் தூக்கத்திலேயே கொல்லப்பட்டவர். இன்னொருவரின் உடல் மாடிப்படி அருகே ஒளித்துவைக்கப்பட்டு, பிறகு சத்தமில்லாமல் புதைக்கப்படுகிறது. ஒருத்திக்குப் பாதிச் சடங்கோடு குழி. இரண்டு பேர் எங்கோ இங்கிலாந்தில் கொல்லப்பட, செய்தி மட்டும் வருகிறது. இதையெல்லாம் ஷேக்ஸ்பியர் தற்செயலாக வைத்திருக்க முடியாது.

ஹாம்லெட் முதன்முதலில் பேசும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அம்மாவுக்குச் சித்தப்பாவோடு கல்யாணம் முடிந்துவிட்டது, அரண்மனையே புதுத் துணியில் மின்னுகிறது, இவன் ஒருவன் மட்டும் கறுப்பு உடையோடு நிற்கிறான். அம்மா சொல்கிறாள், உயிரோடு இருப்பதெல்லாம் சாகத்தானே வேண்டும், இது எல்லோருக்கும் பொதுவானதுதானே என்று. சித்தப்பா இன்னும் ஒருபடி மேலே போய், உன் அப்பாவும் தன் அப்பாவை இழந்தவர், அந்த அப்பாவும் அவருடைய அப்பாவை இழந்தவர், இப்படிப் பிடிவாதமாகத் துக்கம் காப்பது ஆண்பிள்ளைக்கு அழகில்லை, தெய்வத்துக்கே எதிரானது என்று உபதேசம் செய்கிறார். துக்க வீட்டில் உட்கார்ந்திருந்த யாருக்கும் இந்தப் பேச்சு தெரியும். பிறந்தவர் எல்லாம் ஒருநாள் போக வேண்டியவர்தானே, மனசைத் தேத்திக்கோ, ஆக வேண்டியதைப் பாரு. எங்கள் வீட்டில் சாவு விழுந்தபோதும் வந்தவர்கள் இதைத்தான் சொன்னார்கள், அதில் அன்பும் இருந்தது. ஆனால் பதினாறாம் நாள் காரியம் வரைக்குமாவது அழுவதற்கு நமக்கு ஒரு கணக்கு உண்டு, வீடு நிறைய ஆட்கள் உண்டு. ஹாம்லெட்டுக்கு அந்த அவகாசத்தையே கொடுக்கவில்லை. எழவுச் சாப்பாட்டில் மிஞ்சியதைக் கல்யாணப் பந்தியில் ஆறிப்போனபடியே பரிமாறினார்கள் என்று நண்பன் ஹொரேஷியோவிடம் அவன் சொல்வதைக் கசப்பான நகைச்சுவை என்று நோட்ஸில் எழுதிக்கொடுக்கிறீர்கள். அது ஒரு பிள்ளையின் புகார். என் அப்பாவுக்காக அழ எனக்கு நேரம் கொடுக்கவில்லை என்கிற புகார்.

கிளாடியஸ் சொல்வது அத்தனையும் உண்மை என்பதுதான் இந்தக் காட்சியில் எனக்கு மிகவும் கொடூரமாகப் படுவது. சாவு பொதுவானதுதான், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கொன்றவரே அந்த உண்மையை ஆறுதலாகச் சொல்கிறார், அவ்வளவுதான். இதை மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எது ஆறுதல், எது வாயடைப்பு என்று அவர்களே பேசுவார்கள்.

அப்புறம் அப்பாவின் ஆவி. பேய் வந்தது, பழிவாங்கச் சொன்னது, போனது என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஆவி தான் எப்படிச் செத்தேன் என்று சொல்லும் பட்டியலை மறுபடி படியுங்கள். தோட்டத்தில் தூங்கும்போது காதில் விஷம் ஊற்றப்பட்டது, உயிரும் கிரீடமும் ராணியும் ஒரே நேரத்தில் பறிபோயின. அதோடு நிறுத்தாமல், நற்கருணை வாங்காமல், ஆயத்தம் செய்யாமல், அவஸ்தைப் பூசுதல் பெறாமல், பாவக் கணக்கைத் தீர்க்காமல் என்னை அனுப்பிவிட்டார்கள் என்று புலம்புகிறது. கொலைக்கு இணையான குற்றமாக அது இதைச் சொல்கிறது. பகலெல்லாம் நெருப்பில் வெந்துகொண்டு இருக்கிறேன், என் பாவங்கள் எரிந்து தீரும்வரை இப்படித்தான் என்கிறது. நம்மூர்க் கத்தோலிக்க வீடுகளில் உத்தரிக்கிற ஸ்தலம் என்று சொல்வார்களே, அதே இடம்தான்.

இங்கேதான் சரித்திரம் உள்ளே வருகிறது. இந்த நாடகம் 1600ஐ ஒட்டி எழுதப்பட்டது. அந்த நேரத்தில், கத்தோலிக்கத்தைக் கைவிட்டிருந்த இங்கிலாந்தில் உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று சட்டப்படி கிடையாது. 1547ல், இறந்தவர்களின் ஆன்மாவுக்காகப் பூசை வைக்கவென்று விட்டிருந்த அறக்கட்டளைகளை அரசு ஒழித்துச் சொத்துகளை எடுத்துக்கொண்டது. 1571ல் இறுதியான முப்பத்தொன்பது சமயக் கோட்பாடுகளில் 22ஆவது, உத்தரிக்கிற ஸ்தலம் என்பது வீண் கற்பனை, வேதத்தில் ஆதாரம் இல்லாதது என்று தீர்ப்பே எழுதிவிட்டது. ஷேக்ஸ்பியர் பிறப்பதற்குச் சில மாதம் முன்பு, அவருடைய ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் கில்டு சேப்பலில் இருந்த பழைய சமயப் படங்களை அழித்த செலவு ஊர்க் கணக்கில் ஏறியிருக்கிறது. அந்தக் கணக்குக்குப் பொறுப்பாக இருந்த இரண்டு பேரில் ஒருவர் ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான். அந்தச் சேப்பலில்தான் இறந்தவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து வரும் பெரிய நியாயத்தீர்ப்புச் சுவரோவியம் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். பாட்டன் காலம்வரை, செத்த அப்பாவுக்கு ஒரு மகன் செய்ய வேண்டியது என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பூசை வைக்கலாம், ஜெபிக்கலாம், தர்மம் கொடுக்கலாம், அப்பாவின் வேதனை நாட்களைக் குறைக்கலாம். ஒரே தலைமுறையில் அதெல்லாம் பிடுங்கப்பட்டுவிட்டது. இறந்தவர்கள் உங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டார்கள், இனி அவர்களுக்கு நீங்கள் செய்ய எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் லண்டன் மேடையில் ஒரு அப்பா, இல்லவே இல்லை என்று அறிவிக்கப்பட்ட அந்த இடத்திலிருந்து எழுந்து வந்து மகன் முன்னால் நிற்கிறார். மகனோ விட்டன்பெர்க்கில் படிப்பவன், 1517ல் மார்ட்டின் லூதர் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிராகக் கலகத்தைத் தொடங்கிய அதே ஊர். அந்த அப்பா பூசை கேட்கவில்லை, ஜெபம் கேட்கவில்லை. பழிவாங்கு என்கிறார், போகும்போது என்னை நினைவில் வை என்கிறார். அந்த மகனுக்குக் கையில் செய்ய வேறு என்ன இருந்தது? இந்தப் பின்னணியைச் சொல்லாமல் தாமதத்தைப் பற்றி மட்டும் பேசினால், முதுகில் இருக்கும் சுமையை விட்டுவிட்டு ஒருவன் ஏன் மெதுவாக நடக்கிறான் என்று கேட்பதுபோல ஆகிவிடுகிறது.

தாமதத்துக்கு மிகப் பெரிய சாட்சியாக நீங்கள் காட்டும் பிரார்த்தனைக் காட்சிகூட இதில்தான் சேர்கிறது. கிளாடியஸ் தனியாக மண்டியிட்டிருக்கிறார், ஹாம்லெட் பின்னால் வாளோடு நிற்கிறான், வெட்டாமல் போகிறான். ஏன்? ஜெபத்தில் இருக்கும்போது கொன்றால் இவன் சொர்க்கத்துக்குப் போய்விடுவான், என் அப்பாவோ ஆயத்தம் இல்லாமல் செத்தவர், அது பழி ஆகாதே என்று கணக்குப் போடுகிறான். கொல்லத் தயங்கவில்லை. எப்படிப்பட்ட சாவைக் கொடுப்பது என்றுதான் யோசிக்கிறான். அந்த யோசனையில் இருக்கும் பயங்கரத்தை, இன்னொரு மனிதனின் மறுமையையும் சேர்த்து அழிக்க நினைக்கும் அந்த வெறியை, மாணவர்கள் பார்க்க வேண்டாமா? அதற்குப் பெயர் மனவுறுதி இல்லாமை என்று எழுதச் சொல்லலாமா?

பொலோனியஸைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. திரைக்குப் பின்னால் நின்றவரைக் குத்திவிட்டு, உடலை இழுத்துக்கொண்டு போய், அவர் இரவுச் சாப்பாட்டில் இருக்கிறார், சாப்பிடும் இடத்தில் இல்லை, சாப்பிடப்படும் இடத்தில் என்று ராஜாவிடம் சொல்கிறானே, ராஜாவைத் தின்ற புழுவை மீன் தின்று, மீனைப் பிச்சைக்காரன் தின்று, ராஜா பிச்சைக்காரனின் குடல் வழியே ஊர்வலம் போகலாம் என்கிறானே, அந்த இடத்தில் நின்று நிதானமாகப் பேசுங்கள் என்பது மட்டும்தான் கோரிக்கை. சாவு அந்த இடத்தில் அவனுக்கு இன்னும் சொல் விளையாட்டுதான். அடுத்தவர் அப்பாவின் பிணம் அவனுக்கு ஒரு பேச்சுப் பொருள். பிரான்சிலிருந்து ஓடிவரும் லேர்ட்டீஸ் கேட்பதோடு இதைச் சேர்த்து வாசித்தால் வலிக்கும்: என் அப்பாவின் எலும்புகள் மேல் ஒரு வாள் இல்லை, குலச்சின்னம் இல்லை, சடங்கு இல்லை, மரியாதை இல்லை, ஏன்? தன் அப்பாவுக்காக ஹாம்லெட் கேட்ட அதே கேள்வி. ஒபீலியா பைத்தியம் பிடித்துப் பாடும் பாட்டுகளை நேரமில்லை என்று தாண்டிவிடுகிறோம், அந்தப் பாட்டுகளிலும் தலைமாட்டில் பச்சைப் புல், கால்மாட்டில் ஒரு கல் என்று ஒரு அப்பாவின் குழிதான் இருக்கிறது. குளிர்ந்த மண்ணில் அவரைக் கிடத்தினார்களே என்று நினைத்தால் அழாமல் இருக்க முடியவில்லை என்கிறாள். ஒரு வீட்டில் முறையாக அழ முடியாமல் போனதில் பெண் புத்தி பேதலித்தாள், பையன் கொலைக்காரனானான்.

இனி அந்தத் தனிமொழி. இருப்பதா, இல்லாமல் போவதா. உலகத்தில் இதைவிட அதிகம் மனப்பாடம் செய்யப்பட்ட நாடக வசனம் இருக்குமா தெரியாது. தமிழிலும் பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தை அமலாதித்யன் என்று தழுவி எழுதிய காலத்திலிருந்து இது நம் காதுகளுக்குப் பழக்கம். ஆனால் அதில் நான், எனக்கு, என் என்று ஒரு இடத்தில்கூட வராது என்பதை எத்தனை வகுப்பில் சுட்டிக்காட்டுகிறோம்? முழுக்க நாம், யார், ஒருவன் என்றே போகிறது. அப்பா செத்தது இல்லை, அம்மா இல்லை, கிளாடியஸ் இல்லை. போய்த் திரும்பிய வழிப்போக்கன் யாருமே இல்லாத தேசம் என்று மரணத்தைச் சொல்கிறான், சில காட்சிகளுக்கு முன்புதான் அங்கிருந்து வந்த அப்பாவின் ஆவியோடு பேசியவன். அத்தனை தூரம் தன் சொந்த இழப்பிலிருந்து விலகி நின்று, சாவை ஒரு தத்துவப் பிரச்சினையாக ஆக்கிக்கொண்டு பேசுகிறான். அங்கே அவனுக்கு உயிரோடு இருக்கக் கிடைக்கும் ஒரே காரணம் பயம். செத்த பிறகு என்ன கனவு வருமோ என்ற பயம்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயது. அந்த வரிகள் தற்கொலையைப் பற்றியவை என்று எல்லோருக்கும் புரிகிறது, ஆனால் ஆசிரியர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் உருவகம், அணி, யாப்பு என்று நகர்ந்துவிடுகிறார். அந்த அறையில் அப்படி ஒரு யோசனையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை இருக்கலாம். நண்பரையோ கூடப்பிறந்தவரையோ அப்படி இழந்தவர் இருக்கலாம். பேசினால் ஆபத்து என்று பயப்படாதீர்கள். நேராக, மரியாதையாக, இது உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிய பேச்சு, இப்படி யாருக்காவது தோன்றினால் தனியாக வைத்துக்கொள்ளாமல் வந்து பேசுங்கள் என்று சொல்லுங்கள். முக்கியமாக, அந்தத் தனிமொழியை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்து நடத்தாதீர்கள். அது மூன்றாம் அங்கம். நாடகம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஐந்தாம் அங்கத்தில்.

ஐந்தாம் அங்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

கல்லறைக் காட்சியை இறுக்கம் தளர்த்தும் நகைச்சுவை என்று ஒரு தலைப்பு போட்டு, ஐந்து மார்க் கேள்வியாக ஒதுக்கிவைத்திருக்கிறோம். இந்த அலட்சியம் புதிதில்லைதான். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருக்கு, குழி வெட்டுகிறவர்கள் ஒரு துயர நாடகத்தில் வருவது சகிக்கவில்லை. 1772ல் டேவிட் கேரிக், இங்கிலாந்தின் மிகப் பெரிய நடிகர், லண்டன் டிரூரி லேன் அரங்கில் ஹாம்லெட்டைத் திருத்தி அரங்கேற்றியபோது குழி வெட்டுகிறவர்களை மொத்தமாக நீக்கிவிட்டார். ஒபீலியாவின் அடக்கமும் போனது. ராஜா ராணி சாவது உயர்ந்த விஷயம், மண்வெட்டியும் மண்டையோடும் தாழ்ந்த விஷயம் என்ற எண்ணம். நாமும் அதைக் கொஞ்சம் மரியாதையான சொல்லில் தொடர்கிறோம்.

தண்ணீரில் மூழ்கிச் செத்த ஒபீலியாவுக்குக் குழி வெட்டும் அந்தக் காட்சி முதலில் ஒரு சட்டப் பேச்சோடு தொடங்குகிறது. தண்ணீர் மனுஷனைத் தேடி வந்தால் அவன் குற்றவாளி இல்லை, மனுஷன் தண்ணீரைத் தேடிப் போனால்தான் குற்றம் என்று குழி வெட்டுகிறவர் வாதம் பண்ணுகிறார், ஒரு செயலுக்கு மூன்று கிளை என்கிறார். சிரிப்புதான். ஆனால் அன்றைய இங்கிலாந்தில் அது உண்மையான வழக்கின் எதிரொலி. ஜேம்ஸ் ஹேல்ஸ் என்ற நீதிபதி 1554ல் ஆற்றில் மூழ்கி உயிர்விட்டார். தற்கொலை குற்றம், சொத்து அரசுக்குப் போகும். அவர் மனைவி தங்கள் நிலத்துக்காக வழக்காடினார். செயலை எண்ணம், முடிவு, நிறைவேற்றம் என்று மூன்றாகப் பிரித்து நீதிமன்றத்தில் வாதாடினார்கள், கடைசியில் அந்த அம்மாவுக்குத் தோல்வி. துக்கத்தில் இருக்கும் குடும்பத்தைச் சட்டம் அப்படித்தான் நடத்தியது. தற்கொலை என்று முடிவானவர்களை நாற்சந்தியில் புதைக்கும் வழக்கத்தை இங்கிலாந்து 1823ல்தான் சட்டம் போட்டு நிறுத்தியது, அது குற்றம் இல்லை என்று ஆனது 1961ல். ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கத்திலேயே, ஷேக்ஸ்பியருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, 1579 டிசம்பரில், ஏவன் ஆற்றில் ஒரு பெண் மூழ்கி இறந்து, விபத்தா இல்லையா என்று மரண விசாரணை நடந்தது. அந்தப் பெண்ணின் பெயர் கேத்தரின் ஹாம்லெட். இதை வைத்து நாடகம் இங்கிருந்துதான் வந்தது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஹாம்லெட் கதை டென்மார்க்கின் பழைய வரலாற்று நூலிலிருந்து வந்தது, ஷேக்ஸ்பியருக்கு முன்பே லண்டனில் அந்தப் பெயரில் ஒரு நாடகம் இருந்தது. 1596 ஆகஸ்டில் பதினொரு வயதில் இறந்த அவருடைய மகன் ஹாம்னெட்டையும் அவசரப்பட்டு இதோடு முடிச்சுப் போட நான் தயார் இல்லை. ஆனால் ஒபீலியாவின் அடக்கத்தை எழுதிய கைக்கு இப்படிப்பட்ட மரணங்களும் அவற்றின் விசாரணைகளும் தூரத்துச் செய்தி இல்லை.

அப்புறம் ஹாம்லெட் வருகிறான். குழி வெட்டுகிறவர் இந்த வேலையில் சேர்ந்த நாள் எது தெரியுமா? ஹாம்லெட் பிறந்த நாள். பழைய ராஜா, நார்வே ராஜா ஃபோர்ட்டின்பிராஸைத் தோற்கடித்த நாளும் அதுதான். ஒரு வெற்றி, ஒரு பிறப்பு, குழி வெட்ட ஒரு ஆள் வேலைக்குச் சேர்வது, மூன்றும் ஒரே நாளில். முப்பது வருஷமாக அந்த மனிதர் அமைதியாகத் தன் வேலையைச் செய்துவருகிறார். உடல் மண்ணில் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் எட்டு ஒன்பது வருஷம், தோல் பதனிடுகிறவன் என்றால் கொஞ்சம் அதிகம், தொழிலில் தோல் காய்ந்திருக்கும், தண்ணீர் இறங்காது என்று பதில் சொல்கிறார். ஆவியிடமும் கிடைக்காத, விட்டன்பெர்க்கிலும் கிடைக்காத அறிவு ஹாம்லெட்டுக்கு இவரிடம் கிடைக்கிறது.

யோரிக்கின் மண்டையோடு கைக்கு வரும்வரை ஹாம்லெட் பொதுவாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறான், இது வக்கீலுடையதாக இருக்கலாம், இது அரசவைக்காரனுடையதாக இருக்கலாம் என்று. இது யோரிக், ராஜாவின் விதூஷகன், இருபத்து மூன்று வருஷமாக மண்ணில் இருக்கிறான் என்று தெரிந்ததும் பேச்சு மாறுகிறது. இந்த முதுகில் என்னை ஆயிரம் தரம் தூக்கிச் சுமந்தான், இங்கே தொங்கிய உதடுகளை எத்தனை முறை முத்தமிட்டிருக்கிறேன் என்கிறான். குமட்டுகிறது என்கிறான், நாற்றம் பொறுக்காமல் கீழே வைக்கிறான். நான், என் என்ற சொற்கள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன பாருங்கள். தனிமொழியில் இல்லாத மூக்கும் தோலும் வாயும் இங்கே இருக்கின்றன. இந்த ஒப்பீட்டைப் பதினைந்து மார்க் கேள்வியாகக் கேட்டால் எப்படி இருக்கும்?

1982ல் இறந்த ஆந்த்ரே சாய்கோவ்ஸ்கி என்ற பியானோ கலைஞர், போலந்தில் பிறந்து, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா சேரியிலிருந்து குழந்தையாகத் தப்பிய மனிதர், தன் மண்டையோட்டை ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்கு, மேடையில் பயன்படுத்தச் சொல்லி உயில் எழுதிக் கொடுத்தார். 2008ல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஹாம்லெட்டாக நடித்த டேவிட் டென்னன்ட் யோரிக்காகக் கையில் ஏந்தியது அதைத்தான். சாவு இத்தனை அருகில் நின்று தொட்ட ஒருவர், தன் எலும்பு இருக்க வேண்டிய இடம் இந்தக் காட்சி என்று தேர்ந்தெடுத்திருக்கிறார். இந்தக் காட்சிக்கு நாம் கொடுக்கும் இடமோ ஐந்து மார்க்.

இதோடும் காட்சி முடியவில்லை. அலெக்சாண்டரின் தூசி பீர்ப் பீப்பாய் ஓட்டையை அடைக்கலாம், சீசர் களிமண்ணாகிச் சுவரில் காற்றைத் தடுக்கலாம் என்று ஹாம்லெட் ஹொரேஷியோவிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சவ ஊர்வலம் வருகிறது. யாருக்கு வெட்டிய குழி என்று அவனுக்குத் தெரியாது. சடங்கு குறைவாக இருப்பதைப் பார்த்து, யாரோ தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர் போலிருக்கிறது என்று விலகி நின்று ஊகிக்கிறான். இன்னும் என்ன சடங்கு இருக்கிறது என்று லேர்ட்டீஸ் பாதிரியாரிடம் கேட்கிறான். மறுபடியும் அதையே கேட்கிறான். இதுவே அதிகம், அரசாணை இல்லாவிட்டால் நியாயத்தீர்ப்பு நாள்வரை புனிதமில்லாத மண்ணில் கிடந்திருப்பாள், ஜெபத்துக்குப் பதில் ஓட்டாஞ்சில்லும் கல்லும் எறிந்திருப்போம் என்கிறார் பாதிரியார். அந்த அண்ணனின் அதே கேள்வி இரண்டாம் முறை வரும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். அப்புறம்தான் அது ஒபீலியா என்று ஹாம்லெட்டுக்குத் தெரிகிறது. ஒரு நிமிஷம் முன்பு அலெக்சாண்டரையும் சீசரையும் தூசியாக்கியவன் இப்போது குழியருகே நின்று நாற்பதாயிரம் அண்ணன்மார் அன்பைக் கூட்டினாலும் என் அன்புக்கு ஈடாகாது என்று கத்துகிறான். தத்துவம் அத்தனையும் போயிற்று. சாவு எல்லோருக்கும் பொதுவானது என்று அம்மா சொன்னது அவனே அலெக்சாண்டரை வைத்துச் சொல்லிப் பார்த்த உண்மைதான், ஆனால் பிரியமானவள் முன்னால் கிடக்கும்போது அது உதவவில்லை. முதல் அங்கத்துக்கும் ஐந்தாம் அங்கத்துக்கும் இதைவிடப் பெரிய பாலம் நாடகத்தில் இல்லை.

இதற்குப் பிறகுதான் அந்த அமைதி வருகிறது. வாள் விளையாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், நெஞ்சில் ஏதோ சரியில்லை என்கிறான், போக வேண்டாம் என்கிறான் ஹொரேஷியோ. ஒரு சிட்டுக்குருவி விழுவதிலும் கடவுள் சித்தம் உண்டு, இப்போது வந்தால் பிறகு வராது, பிறகு வராதென்றால் இப்போது வரும், ஆயத்தமாக இருப்பதுதான் எல்லாம் என்கிறான். மத்தேயு சுவிசேஷத்துக் குருவி. அப்பா ஆயத்தம் இல்லாமல் செத்தார் என்பதில் தொடங்கிய நாடகம் மகனின் ஆயத்தத்தில் வந்து நிற்கிறது. கல்லறைக் காட்சியை வெட்டிவிட்டால் இந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று எந்த மாணவருக்கும் புரியாது. விதியை ஏற்றுக்கொண்டான் என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டுப் போவார்கள்.

கடைசியாக ஹொரேஷியோவின் கையில் இருக்கும் விஷக் கிண்ணம். என் மனதில் இந்த நாடகத்தின் உச்சம் அதுதான். விஷம் ஏறிய ஹாம்லெட் செத்துக்கொண்டிருக்கிறான். ஹொரேஷியோ, நான் டென்மார்க்காரனைவிடப் பழைய ரோமானியன், இதில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று கிண்ணத்தை எடுக்கிறான். சாகும் நிலையிலும் ஹாம்லெட் பாய்ந்து, கொடு, விடு என்று அதைப் பிடுங்குகிறான். என்மேல் உனக்கு அன்பு இருந்தால் இந்தக் கொடுமையான உலகத்தில் இன்னும் கொஞ்சநாள் வலியோடு மூச்சு விட்டு என் கதையைச் சொல் என்கிறான். இருப்பதா இல்லாமல் போவதா என்று மூன்றாம் அங்கத்தில் கேட்டவன் கடைசியில் செய்த காரியம் நண்பனைச் சாகவிடாமல் தடுத்தது. பயத்தைத் தவிர வேறு காரணம் அன்று தெரியாதவனுக்கு இன்று தெரிகிறது: செத்தவர்களைப் பற்றிச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். என்னை நினைவில் வை என்று அப்பா கேட்டதையே மகன் நண்பனிடம் கேட்கிறான், ஆனால் கொலை கேட்காமல் கேட்கிறான். தனிமொழியை மனப்பாடம் செய்த ஒவ்வொரு மாணவருக்கும் இந்தக் கிண்ணத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். இதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன்.

செமஸ்டரில் நேரம் இல்லை என்பீர்கள், தெரியும். ஒரு யூனிட்டில் ஹாம்லெட்டோடு இன்னும் இரண்டு நாடகம் இருக்கும், இன்டர்னல் இருக்கும். ஆனால் கல்லறைக் காட்சியை வகுப்பில் வாய்விட்டு வாசிக்க அரை மணி நேரம் போதும். நீங்களே வாசிக்காமல் மாணவர்களிடம் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுங்கள். பாதிரியாரின் வரிகளை விடாதீர்கள், லேர்ட்டீஸின் கேள்வியை இரண்டு முறையும் வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் உடனே விளக்கத் தொடங்காமல், அவர்கள் வீட்டுச் சாவுகளைப் பற்றிப் பேச யாராவது விரும்பினால் பேசவிடுங்கள், விரும்பாதவர்களை விட்டுவிடுங்கள். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, மதத்துக்கு மதம் எரிப்பதும் புதைப்பதும் அழுவதும் வேறு வேறு. யாருக்கு முழுச் சடங்கு, யாருக்குப் பாதி, யாருக்கு ஊர்ச் சுடுகாட்டில் இடம் இல்லை என்பது அந்தப் பிள்ளைகளில் பலருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். குழி வெட்டுகிறவரை வெறும் கோமாளியாக நடத்தினால், அந்த வேலையைச் செய்யும் குடும்பத்திலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு என்ன தோன்றும் என்பதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு: தாமதக் கேள்வியை ஒரு வருஷம் ஓய்வில் விடுங்கள். அதற்குப் பதில், பொலோனியஸின் அடக்கத்தையும் ஒபீலியாவின் அடக்கத்தையும் ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள். கிளாடியஸின் ஆறுதல் ஏன் ஆறுதலாகவில்லை என்று கேளுங்கள். தோற்றுப்போன நார்வே ராஜாவின் மகன், அதே பெயர்கொண்ட ஃபோர்ட்டின்பிராஸ், கடைசியில் வந்து, ஹாம்லெட்டை ஒரு போர்வீரனைப்போலத் தூக்கிச் செல்லுங்கள், பீரங்கி முழங்கட்டும் என்கிறாரே, படிப்பையும் நாடகக்காரர்களையும் நேசித்த அந்த இளைஞனுக்கு அது பொருத்தமான வழியனுப்பல்தானா என்று கேளுங்கள். கைடில் இதற்கெல்லாம் பதில் இருக்காது, பிள்ளைகள் நாடகத்தைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள், நாடகத்தைச் சுருக்கிப் பகுதியாக வைப்பதென்றால் ஐந்தாம் அங்கம் முதல் காட்சியை அந்தப் பகுதிக்குள் வையுங்கள், இடம் போதாவிட்டால் வேறு எதையாவது எடுங்கள்.

யாராவது அடுத்த செமஸ்டரில் இதை முயன்று பார்த்தால், வகுப்பில் என்ன நடந்தது, மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். என்னோடு ஒத்துப்போகாதவர்களும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரிடம் ஹாம்லெட் படித்த பழைய மாணவர்